வேலூரில் இருந்தபடியே நடிக்கத் தொடங்குவது எப்படி: வீட்டில் தயங்குகிற பெண்களுக்காக

நடிக்க வேண்டும் என்று ஆசை. வீட்டில் சொன்னதும் அம்மா அழுகிறார், அப்பா முகம் கொடுத்துப் பேசுவதில்லை, "கூத்தாடறதுக்கா காலேஜுக்கு அனுப்பனோம்" என்று பெரியம்மா போன் போட்டுக் கேட்கிறார். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்துப் பெண்கள் என்னிடம் வந்து சொல்வது பெரும்பாலும் இதுதான். நானும் இந்த ஊரிலிருந்து மேடைக்குப் போனவள், இப்போது பெண் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லித் தருகிறேன். அதனால் அக்கா என்ற உரிமையில் "நீ" என்றே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. "நான் நடிகையாகப் போகிறேன், சரி என்று சொல்லுங்கள்" என்று கேட்காதே. அந்தக் கேள்விக்கு எந்த அப்பாவாலும் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் அது பத்து வருடத்துக்கான கேள்வி. இந்த மாதத்துக்கானதை மட்டும் கேள். "காலேஜ் ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் போடுகிறோம், செவ்வாயும் வியாழனும் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை ஒத்திகை, ஆறரைக்கு வீட்டில் இருப்பேன், நாடகத்தன்று நீங்கள் இரண்டு பேரும் வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும்." இதற்குச் சரி என்று சொல்வது அவர்களுக்குச் சுலபம். சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடு, அது ரொம்ப முக்கியம். ஆறரை என்று சொல்லிவிட்டு எட்டு மணிக்கு வந்தால் அடுத்த நாடகத்துக்கு நீயே கதவைச் சாத்திவிட்டாய் என்று அர்த்தம்.

பட்டப்படிப்பு முடிவதற்குள் ஆறு நாடகம் நடித்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள். ஆறு என்பதற்குக் காரணம் இருக்கிறது. 1959இல் டெல்லியில் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளியின் மூன்று வருடப் படிப்புக்கு விண்ணப்பிக்க, ஏதாவது ஒரு பட்டம் வேண்டும், குறைந்தது ஆறு நாடகங்களில் பங்கெடுத்திருக்க வேண்டும், இந்தியும் ஆங்கிலமும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். தேர்வானால் மாதா மாதம் உதவித்தொகை உண்டு. அதே பள்ளிக்குப் பெங்களூரில் ஒரு மையம் இருக்கிறது, அங்கே ஓராண்டுப் படிப்பு. காட்பாடியில் ரயில் ஏறினால் மூன்று நான்கு மணி நேரத்தில் போய்விடலாம். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைத் துறை இருக்கிறது, நாடகக் கலையில் முதுகலை படிக்கலாம். புனே திரைப்படக் கல்லூரியின் நடிப்புப் படிப்புக்கும் பட்டம் வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே அந்தந்த வருட அறிவிப்பை அவர்களுடைய இணையதளத்திலேயே படி, யாரோ சொன்னதைக் கேட்டு முடிவெடுக்காதே.

இப்போது இதை வீட்டுப் பேச்சோடு சேர்த்துப் பார். "முதலில் டிகிரியை முடி" என்று அப்பா சொல்கிறார் இல்லையா, நாடகப் பள்ளிக்காரர்களும் அதையேதான் கேட்கிறார்கள்! நீயும் அப்பாவும் சண்டை போடவே வேண்டியதில்லாத ஒரு விஷயத்துக்கு எத்தனை வீடுகளில் எத்தனை நாள் சாப்பாடு இறங்காமல் இருந்திருக்கிறது. விண்ணப்ப விதிகளை அச்செடுத்து அவர் கையில் கொடு. படிப்பு என்றால் மரியாதை கொடுக்கிற ஊர் நம்முடையது. பெண்களுக்கென்று 1918லேயே மருத்துவப் பள்ளி தொடங்கிய இடம், மாப்பிள்ளை வீட்டார் முதலில் கேட்பது என்ன படித்திருக்கிறாள் என்றுதான். நடிப்புக்கும் பள்ளி உண்டு, நுழைவுத் தேர்வு உண்டு, பட்டம் உண்டு என்பதே நம் பெற்றோரில் பலருக்குத் தெரியாது.

அவர்களுடைய பயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் இராத்திரி, பணம், கூட இருக்கிறவர்கள், கல்யாணம் என்று நாலு இருக்கும். இராத்திரிதான் பெரிய பயம். ஆனால் நம் பக்கத்துப் பெண்கள் வேலைக்காக வெளியே போவது புதிதா என்ன? ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு விடியற்காலையில் ரோட்டோரம் நிற்கிற பெண்கள், சிஎம்சி ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி பார்க்கிற நர்ஸ்கள் எல்லாம் எந்த வீட்டுப் பிள்ளைகள்? கம்பெனி பஸ் எங்கே நிற்கும், கூட யார் போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்பும் என்று அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியும், அதனால் தூங்குகிறார்கள். உன் ஒத்திகையைப் பற்றி அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, அதனால் தூங்குவதில்லை. ஆகவே இயக்குநர் பெயர், அவருடைய போன் நம்பர், ஒத்திகை நடக்கிற கட்டிடம், உன்னோடு வருகிற இரண்டு பெண்களின் வீட்டு நம்பர், இதெல்லாம் ஒரு தாளில் எழுதி அடுப்படியில் ஒட்டிவை. முடிந்தால் இயக்குநரை ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வாய் காபி கொடு. வர மறுக்கிற இயக்குநரை நானாக இருந்தால் நம்ப மாட்டேன்.

பணம் பற்றிப் பொய் சொல்லாதே. நாடகத்தில் தொடக்கத்தில் பெரிதாக எதுவும் வராது, மாணவர்கள் எடுக்கிற குறும்படத்தில் சாப்பாடும் போக்குவரத்துச் செலவும் கிடைத்தாலே பெரிது. ஆகவே கூடவே ஒரு சம்பாத்தியம் இருக்கட்டும். டியூஷன் எடு, பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடு, குரல் நன்றாக இருந்தால் ஒலிப்புத்தகம், விளம்பரம் என்று தேடு. மாதம் கொஞ்சமாவது வீட்டில் கொடுக்கிற பெண்ணின் பேச்சுக்கு வீட்டில் எடை கூடுகிறது. இது நியாயமா என்று கேட்டால் நியாயமில்லை, ஆனால் உண்மை.

கல்யாணக் கேள்விக்கு வாதாடாதே. அம்மாவுக்கு மனசு கொஞ்சம் இளகின ஒரு நாளில் கே.பி. சுந்தராம்பாள் கதையைச் சொல். நாடக மேடையில் பாடி நடித்தவர், பின்னாளில் சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படத்தின் நாயகி டி.பி. ராஜலட்சுமியும் சிறு வயதிலேயே நாடகத்துக்கு வந்தவர்தான், பிறகு அவரே படம் இயக்கினார். அந்தக் காலத்திலேயே இவ்வளவு செய்திருக்கிறார்கள் என்று அம்மா தானாகச் சொன்னால் நல்லது, சொல்லாவிட்டாலும் விட்டுவிடு.

சரி, ஆறு நாடகத்துக்கு எங்கே போவது? காலேஜில் ஆரம்பி. நம் ஊர்க் கல்லூரிகளில் நுண்கலை மன்றம், தமிழ் மன்றம், என்எஸ்எஸ் என்று ஏதாவது ஒன்று கண்டிப்பாக இருக்கும். மைம், ஸ்கிட் என்று ஐந்து நிமிடத்தில் முடிந்துபோகிற போட்டிகளில் மட்டும் நின்றுவிடாமல், அரை மணி நேரமாவது ஓடுகிற முழு நாடகம் ஒன்றை வருடத்துக்கு இரண்டு முறை போடு. மூன்று வருடத்தில் ஆறு ஆகிவிட்டது. கதை தேடி எங்கேயும் போக வேண்டாம். 1806 ஜூலை 10 அன்று நம் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்த கதை இருக்கிறது, அதை அந்தச் சிப்பாய்களின் மனைவிகள் பக்கத்திலிருந்து சொல்லிப் பார். பாலாறு வறண்ட கதை, தோல் தொழிற்சாலைத் தண்ணீர் கிணற்றில் கலந்த கதை, பீடி சுற்றுகிற பெண்களின் கதை எல்லாம் தெருநாடகமாகப் போட்டால் ஜனங்கள் நின்று பார்ப்பார்கள், ஏனென்றால் அது அவர்கள் வீட்டுக் கதை.

அடுத்து, கூத்துப் பார். இதை நான் கெஞ்சியே சொல்வேன். பழைய வட ஆற்காடு என்பது தெருக்கூத்தின் தாய்வீடு. பங்குனி பிறந்ததிலிருந்து ஆடி வரைக்கும் திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதக் கூத்து நடக்கும், பகலில் பிரசங்கம், இரவு பத்து மணிக்குமேல் கூத்து, விடிய விடிய. செய்யாறு பக்கம் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை இந்தக் கலையை உலகமெங்கும் கொண்டுபோனது. முகவீணையும் மிருதங்கமும் ஆர்மோனியமும் சேர்ந்து எழும்பும்போது, கட்டை என்கிற மர அணிகளைக் கட்டிய ஒரு மனிதர் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டே தான் யார் என்று பாடி, பிறகு திரை விலகிச் சுழன்று ஆடி வருகிற அந்த வரவைப் பார், மேடைக்கு எப்படி வர வேண்டும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியாது. அந்தக் குரல் கடைசி வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்திருக்கிற பாட்டிக்கும் கேட்கும். காலங்காலமாகப் பெண் வேஷத்தையும் ஆண்களேதான் கட்டினார்கள், ஆனால் காஞ்சிபுரம் பக்கத்தில் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் பயின்று வேஷம் கட்டி ஆடியிருக்கிறார்கள். கூத்துப் பார்க்க அம்மாவையும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போ. பாட்டி திரௌபதைக்காக அழுவார், அர்ச்சுனன் தபசு மரம் ஏறும்போது கையெடுத்துக் கும்பிடுவார், அப்புறம் கூத்தாடி என்று திட்டுகிற வாய் கொஞ்சம் அடங்கும். மாசி அமாவாசையில் பாலாற்றங்கரையில் நடக்கிற மயானக் கொள்ளைக்கும் போய்ப் பார், பக்கத்து வீட்டு அண்ணன் காளி வேஷம் கட்டியதும் அவருடைய நடையே எப்படி மாறுகிறது என்று கவனி.

தினப் பயிற்சி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விடியற்காலையில் மொட்டை மாடி. நம் ஊர் வெயிலுக்குச் சித்திரை, வைகாசியில் ஏழு மணிக்குமேல் அங்கே கால் வைக்க முடியாது. வயிற்றிலிருந்து மூச்செடுத்து, தொண்டையை இறுக்காமல், செய்தித்தாளில் ஒரு பத்தியைச் சத்தமாகப் படி. அதையே கோபமாகப் படி, இரகசியமாகப் படி, சிரிப்பை அடக்கிக்கொண்டு படி. ல, ள, ழ மூன்றும் தனித்தனியாக விழ வேண்டும். அதற்காக "இன்னா", "எங்க கீற", "வந்துகினு கீறேன்" என்று பேசுகிற நம் பேச்சை விட்டுவிடாதே. சென்னையில் யாராவது சிரித்தால் சிரிக்கட்டும், வட ஆற்காட்டுக்காரி ஒருத்தியை மேடையில் காட்ட உன்னைவிடத் தகுதியான ஆள் யார்? மனிதர்களைப் பார்ப்பதும் பயிற்சிதான். சிஎம்சி வாசலில் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து காத்திருக்கிற குடும்பங்கள், லாங் பஜாரில் விலை பேசுகிற பெண்கள், அவர்கள் எப்படி உட்காருகிறார்கள், பையை எங்கே வைக்கிறார்கள், யாரை நம்புகிறார்கள் என்று பார்த்து இரவில் நோட்டில் எழுது. போன் கேமராவில் யாரையும் எடுக்காதே, கண்ணால் பார்த்தால் போதும்.

இரண்டு மூன்று நாடகம் ஆன பிறகு சென்னை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு குடியேற வேண்டாம். காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல் சுமார் 130 கிலோமீட்டர், ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். சீசன் டிக்கெட்டுக்கான 150 கிலோமீட்டர் வரம்புக்குள்தான் வருகிறது. சனி, ஞாயிறு பயிலரங்குகளில் தொடங்கு. 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் என்று எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். பெண்களின் வாழ்க்கையையே நாடகமாக்குகிற அ. மங்கையின் மரப்பாச்சி குழுவின் நாடகங்களைத் தேடிப் பார். தரமணி அரசு திரைப்படக் கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சிப் படங்களில் நடிக்க ஆள் தேவைப்படும், கேமரா முன்னால் நிற்கப் பழக அது நல்ல இடம். முதல் இரண்டு முறை அப்பாவையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு போ. அதில் வெட்கப்பட எதுவுமே இல்லை.

ஆடிஷனுக்கு வீடியோ கேட்டால், போனைக் கண் மட்டத்தில் படுக்கை வாக்கில் நிறுத்தி, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி நின்று, பெயர், வயது, உயரம், ஊர் சொல்லி, இடது வலது பக்கம் திரும்பிக் காட்டி, ஒரு நிமிடத்துக்குள் ஒரு காட்சி. ஃபில்டர் வேண்டாம், கல்யாண மேக்கப் வேண்டாம்.

இனிச் சொல்வதை அம்மாவுக்கும் படித்துக் காட்டு. வாய்ப்புக்கு முன்பணம், பதிவுக் கட்டணம், போட்டோ ஆல்பத்துக்கு இவ்வளவு என்று கேட்கிறவன் ஏமாற்றுக்காரன், விவாதமே வேண்டாம். ஆடிஷன் என்றால் பகலில், அலுவலகத்தில், இன்னொருவர் உடன் இருக்க வேண்டும். லாட்ஜ் அறை என்றால் திரும்பி வந்துவிடு, போன ரயில் செலவு போகட்டும். "அட்ஜஸ்ட் பண்ணணும்" என்ற பேச்சு வந்தால் அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்துக்கொள். பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013இல் வந்த சட்டம் நாடகக் குழுவுக்கும் படப்பிடிப்புக்கும் பொருந்தும். பத்துப் பேர் அல்லது அதற்குமேல் வேலை செய்கிற இடத்தில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும், இல்லாத இடங்களுக்கு மாவட்ட அளவில் ஒரு குழு உண்டு, பொதுவாக மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். பெண்கள் உதவி எண் 181, போட்டோவை வைத்து மிரட்டினால் சைபர் குற்ற எண் 1930. இதையெல்லாம் நீ முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கிறாய் என்பதே அம்மாவுக்குப் பாதி தெம்பு.

நாடகத்தன்று அப்பாவும் அம்மாவும் வந்தால், முடிந்ததும் "எப்படி இருந்தது" என்று கேட்டு நெருக்காதே. உன்னோடு நடித்தவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் அறிமுகம் செய்துவை. பெற்றோர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில் நடக்கிற வேலை உன் பேச்சால் நடக்காது. வராவிட்டால் கோபித்துக்கொள்ளாமல் அடுத்த நாடகத்துக்கும் அழைப்பிதழை அவர்கள் கையிலேயே கொடு. ஒவ்வொரு நாடகத்தின் நோட்டீஸ், இரண்டு போட்டோ, தேதியும் இடமும் போட்டு இயக்குநர் கையெழுத்திட்ட சான்று, எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வை. விண்ணப்பம் போடுகிற வருடம் கடைசி வாரத்தில் இதற்காக அலைகிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன், முதல் நாடகம் முடிந்த இரவே அந்த ஃபைலைத் தொடங்கிவிடு.