கேபிள் இல்லாமல் லேப்டாப்பிலிருந்து பிரிண்ட்: இன்ஃப்ராரெட் வழி

பழைய வண்ணாரப்பேட்டையில் மாமாவின் துணிக்கடையில் பில் போடுவது ஒரு விண்டோஸ் எக்ஸ்பி லேப்டாப். பிரிண்டர் எச்பி லேசர்ஜெட் 6பி. போன மாதம் லேப்டாப்பின் பேரலல் போர்ட் (பழைய பிரிண்டர் கேபிள் செருகும் இடம்) போய்விட்டது. பிரிண்டரில் யுஎஸ்பி கிடையாது. ஆனால் இரண்டிலும் கறுப்பாக ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. அதுதான் இன்ஃப்ராரெட் போர்ட், இர்டா என்பார்கள். இப்போது பில் எல்லாம் அதன் வழியாகத்தான் வருகிறது.

முதலில் பயாஸுக்குள் (லேப்டாப் ஆன் ஆகும்போது, விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) போய் இன்ஃப்ராரெட் 'எனேபிள்' ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பல லேப்டாப்களில் அணைத்தே வைத்திருப்பார்கள். எக்ஸ்பி திறந்ததும் கண்ட்ரோல் பேனலில் 'வயர்லெஸ் லிங்க்' தெரிய வேண்டும்.

போர்ட்டுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க மொபைல் கேமராவே போதும். செல்ஃபி கேமராவை அந்த ஜன்னலுக்கு நேரே காட்டுங்கள். சில விநாடிக்கு ஒருமுறை வெளிர் ஊதாவாக மின்னினால் போர்ட் நன்றாக இருக்கிறது. பின்பக்கக் கேமராக்கள் பலவற்றில் இந்த ஒளியை வடிகட்டிவிடுவார்கள், அதை நம்ப வேண்டாம்.

அடுத்து 'ஆட் பிரிண்டர்'. 'லோக்கல் பிரிண்டர்' தேர்ந்தெடுத்து, தானாகக் கண்டுபிடிக்கச் சொல்லும் டிக்கை எடுத்துவிடுங்கள். போர்ட் பட்டியலில் 'ஐஆர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 6பி-க்கான டிரைவர் எக்ஸ்பியிலேயே இருக்கிறது.

இரண்டு ஜன்னலும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். ஒரு மீட்டருக்குள், பக்கவாட்டில் 15 டிகிரிக்கு மேல் விலகாமல். நான் இரண்டடிக்குள் வைக்கிறேன். நடுவில் டீ கிளாஸ்கூட இருக்கக் கூடாது.

என்னை மூன்று நாள் அலைக்கழித்தது இதற்கு அப்புறம்தான். ராத்திரி கடை சாத்தும்போது அருமையாக அடித்தது, காலையில் பாதிப் பக்கத்தில் நின்றது. "ராத்திரி வேலை செஞ்சது, விடிஞ்சா என்ன ஆகுது மாப்ள?" என்று மாமா கேட்ட பிறகுதான் உறைத்தது. கடை கிழக்குப் பார்த்தது. ஷட்டரைத் தூக்கியதும் வெயில் நேராகப் பிரிண்டரின் முகத்தில் விழுகிறது. வெயிலிலும் இன்ஃப்ராரெட் ஏராளம். அந்த வெள்ளத்தில் லேப்டாப்பின் மெல்லிய துடிப்பு பிரிண்டருக்குத் தெரியவே தெரியாது. புடவை அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி பிரிண்டரின் அந்தச் சின்ன ஜன்னலுக்கு மேல் கூரை மாதிரி ஒட்டினேன். அன்றிலிருந்து ஒரு பில்கூட நிற்கவில்லை.

வேகம் பற்றி. சாதாரண இர்டா விநாடிக்கு 1,15,200 பிட் வரைதான். ஒரு எம்பி போக ஒன்றரை நிமிடம் பிடிக்கும். அதனால் பில்லில் லோகோ வேண்டாம், அச்சுத் தரம் 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும். இரண்டு பக்கமும் ஃபாஸ்ட் ஐஆர் என்ற வேகமான இர்டா இருந்தால் விநாடிக்கு 4 மெகாபிட் வரை போகும்.

லேப்டாப்பில் இந்த போர்ட் இல்லாதவர்கள் யுஎஸ்பி இர்டா அடாப்டர் வாங்கலாம். வயரோடு வருவதைத்தான் நான் சொல்வேன். லேப்டாப்பை அசைக்காமல் அடாப்டரின் ஜன்னலை மட்டும் நகர்த்திக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை: தண்டையார்பேட்டை வாசகர் ஒருவர், மொபைலில் டிவி ரிமோட்டுக்காக இருக்கும் இன்ஃப்ராரெட்டில் பிரிண்ட் எடுக்கலாமா என்று கேட்டிருந்தார். முடியாது. ரிமோட் அனுப்ப மட்டும்தான் செய்யும். இர்டாவில் பிரிண்டர் பதில் சொன்னால்தான் அடுத்த துண்டு தகவல் கிளம்பும்.