ஐரிஸ் வெளிச்சக் குமிழ் அல்ல: எல்.இ.டி. நுண்ணோக்கியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடியிலுள்ள கண்ணாடியைச் சன்னல் பக்கம் திருப்பிவைத்து, மேகம் விலகும்வரை காத்திருந்து ஸ்லைடு பார்த்த காலம் போய்விட்டது. இப்போது கல்லூரிகளுக்கு வந்து இறங்குகிற அம்பாலா நுண்ணோக்கிகளில் எல்.இ.டி. உள்ளேயே இருக்கிறது. பக்கவாட்டில் ஒரு குமிழ். திருகினால் வெளிச்சம் கூடும், குறையும். பழைய கருவி வைத்திருப்பவர்களும் ஹாலோஜன் பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டிக்கொள்கிறார்கள். வசதி பெருகியிருக்கிறது. ஆனால் புதிதாக நுண்ணோக்கி முன் உட்காருகிறவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்தால், எங்கள் தலைமுறை செய்த தவறுகள் ஒன்று விடாமல் திரும்ப வருகின்றன.

லென்ஸைச் சட்டை நுனியால் துடைப்பது, 40 மடங்கு லென்ஸை எண்ணெயில் முக்குவது போன்றவற்றை இங்கே எடுக்கப்போவதில்லை. அவற்றை ஆய்வகத்தில் யாராவது அதட்டித் திருத்திவிடுவார்கள். வெளிச்சத்தில் செய்கிற தவறுக்கு அதட்டல் விழுவதில்லை. எப்படியோ ஒரு படம் தெரிந்துவிடுகிறது, ஆளும் திருப்தியாகிவிடுகிறார்.

நீல வடிகட்டியை அப்படியே விட்டுவைப்பது

ஹாலோஜன் விளக்கைக் குறைத்தால் வெளிச்சம் மஞ்சளாகும். அதைச் சரிக்கட்டத்தான் கண்டென்சருக்குக் (ஸ்லைடுக்கு அடியில் ஒளியைக் குவிக்கிற லென்ஸ் தொகுதிக்கு) கீழே ஒரு நீலக் கண்ணாடி வட்டம் வைத்தார்கள். எல்.இ.டி.க்கு மாறிய பிறகு அந்தக் கண்ணாடிக்கு வேலை இல்லை. ஆனாலும் பாதிக் கருவிகளில் அது அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. ஏற்கெனவே நீலம் தூக்கலான விளக்கின் மேல் இன்னொரு நீலம். ஹீமடாக்சிலின்–ஈயோசின் சாயங்கள் ஏற்றிய திசுவில் இளஞ்சிவப்பு செத்துப்போய் எல்லாமே கத்தரிப்பூ நிறமாகத் தெரியும். பழி சாயத்தின் மேல் விழும். புதிய சாயப் புட்டி வாங்குவார்கள். வடிகட்டியைக் கழற்றுங்கள், போதும்.

ஐரிஸை மூடி வெளிச்சத்தைக் குறைப்பது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான். எல்.இ.டி. குமிழ் முழுசாகத் திருகியிருக்கும். கண் கூசும். உடனே கை கண்டென்சருக்கு அடியில் போய், ஐரிஸ் (நடுத்துளையைப் பெரிதாக்கிச் சிறிதாக்கும் தகட்டு வளையம்) நெம்பைத் தேடி, இழுத்து மூடும். கூச்சம் போய்விடும். கூடவே செல்லின் விளிம்புகள் மை தொட்டு வரைந்ததுபோல் கறுத்துத் தெரியும். "இப்போதுதான் சார் தெளிவாக இருக்கிறது" என்பார்கள். தெளிவு போனது அந்த நொடியில்தான்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. கண்ணாடி வைத்த நுண்ணோக்கியில் வெளிச்சத்தைக் குறைக்கக் கையருகே வேறு வழி இருக்கவில்லை, ஐரிஸைத்தான் மூடினார்கள். ஹாலோஜன் காலத்திலும் விளக்கைக் குறைத்தால் நிறம் மாறும் என்ற சாக்கு இருந்தது. அதனால் பல செய்முறைக் குறிப்பேடுகளில் ஐரிஸ் டயாஃப்ரத்துக்கு நேரே "ஒளியின் அளவைக் கட்டுப்படுத்துகிறது" என்று ஒரு வரி ஏறிவிட்டது. அதையே மனப்பாடம் செய்து, வாய்மொழித் தேர்வில் சொல்லி மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். எல்.இ.டி.யைக் குறைத்தால் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு நிறம் மாறுவதில்லை. ஆகவே அந்தச் சாக்கும் இப்போது கிடையாது. கூசினால் குமிழைத் திருகுங்கள்.

ஐரிஸின் வேலை என்ன? கண்டென்சரிலிருந்து ஒளி ஒரு கூம்பாக எழுந்து ஸ்லைடைத் துளைத்து மேலே போகிறது. அந்தக் கூம்பு எவ்வளவு அகலம் என்பதை ஐரிஸ் தீர்மானிக்கிறது. பொருளருகு லென்ஸின் உடம்பில் 40/0.65 என்று பொறித்திருப்பார்கள். 40 என்பது பெருக்கம். அதை எல்லோரும் படிக்கிறார்கள். 0.65 என்பது அந்த லென்ஸ் வாங்கிக்கொள்ளக்கூடிய ஒளிக் கூம்பின் அளவு. அதை யாரும் படிப்பதில்லை. நுண்ணிய விவரம் தெரிவது இந்த இரண்டாவது எண்ணால்தான். 1873இல் ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் ஆபே சொன்ன சங்கதி இது.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். பச்சை ஒளியின் அலைநீளம் 550 நானோமீட்டர் என்று வையுங்கள். 0.65 லென்ஸுக்குக் கண்டென்சரும் 0.65 அளவுக் கூம்பைக் கொடுத்தால், ஏறத்தாழ 0.52 மைக்ரான் இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும். ஐரிஸை இழுத்து மூடிக் கூம்பை 0.1க்குக் குறைத்துவிட்டால் அந்த எல்லை 0.9 மைக்ரானாகிவிடும். காசு கொடுத்து வாங்கிய லென்ஸின் திறனில் பாதிக்குச் சற்றுக் குறைவானதை ஒரு விரல் அசைவில் தூக்கி எறிகிறோம். கழிமுக நீரில் கிடைக்கும் ப்ளூரோசிக்மா என்ற டயட்டத்தை (கண்ணாடிபோன்ற ஓடுள்ள நுண்பாசியை) ஒருமுறை வைத்துப் பாருங்கள். அதன் ஓட்டில் 10 மைக்ரானுக்குள் ஏறத்தாழ 20 கோடுகள் நெருக்கமாக ஓடும். ஐரிஸ் திறந்திருந்து, ஃபோகஸும் சரியாக இருந்தால் 40 மடங்கு லென்ஸில் அவை மெல்லிய இழைகளாகப் பிடிபடும் எல்லையில் நிற்கும். மூடினால் ஓடு மொழுமொழுவென்று வெறுமையாகிவிடும். விளிம்பு மட்டும் கம்பீரமாகக் கறுத்து நிற்கும்.

விவரம் போவதோடு முடிந்தாலும் பரவாயில்லை, இல்லாத விவரமும் முளைக்கிறது. முதுகலை மாணவி ஒருவர் ஈஸ்ட் பற்றிய ஆய்வுக்காக ஒரு பருவம் முழுக்கப் படம் எடுத்திருந்தார். சாயம் ஏற்றாத செல்கள். ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பளிச்சென்று ஒரு வளையம். அதற்கு வெளியே இன்னொரு கறுப்பு வளையம். அந்தப் பளிச்சென்ற வளையத்தைச் செல்லின் மேலுறை என்று எடுத்துக்கொண்டு, தடிமனை அளந்து, அட்டவணை போட்டு, சராசரியும் கண்டிருந்தார். ஸ்லைடை வாங்கி, எல்.இ.டி.யைக் குறைத்துவிட்டு, ஐரிஸைத் திறந்தேன். வளையம் காணாமல் போய்விட்டது. மிச்சம் இருந்தது சாதாரண ஈஸ்ட். அவர் அளந்தது ஒளி விளிம்பில் வளைவதால் வருகிற வளையத்தை. வளர்ப்பைக் கொட்டியாயிற்று, சமர்ப்பிக்கும் தேதி நெருங்கிவிட்டது, நூற்றுக்கணக்கான படங்களில் ஒன்றுகூட உதவவில்லை. அந்தப் பெண்ணை நான் குறை சொல்லமாட்டேன். அத்தனை படங்களையும் பார்த்துத் தலையாட்டிய வழிகாட்டி ஒருமுறை ஐரிஸைத் தொட்டிருக்கலாம்.

இப்படிச் சந்தேகம் வந்தால் நுண்திருகை மெல்ல மேலும் கீழும் ஆட்டுங்கள். ஒளி வளையமாக இருந்தால் வெளிச்சமான பட்டை கறுப்பாகவும் கறுப்பு வெளிச்சமாகவும் மாறி, உள்ளும் வெளியும் நகரும். செல்லின் உண்மையான உறுப்பு இப்படிக் கண்ணாமூச்சி ஆடாது, மங்க மட்டும் செய்யும். மேலுறை இருக்கிறதா என்று உறுதி செய்ய இந்தியா மையில் ஒரு துளி கலந்து பார்ப்பதுதான் முறை. கறுப்புப் பின்னணியில் மேலுறை வெள்ளை இடைவெளியாக நிற்கும்.

சரி, ஐரிஸை எங்கேதான் வைப்பது? முதலில் ஸ்லைடை ஃபோகஸ் செய்யுங்கள். எல்.இ.டி.யை நன்றாகக் குறையுங்கள். இதை மறந்தால் கண் அனுபவிக்கும். கண்ணருகு லென்ஸை உருவிவிட்டுக் குழாய்க்குள் எட்டிப் பாருங்கள். அடியில் ஒளிவட்டம் தெரியும். ஐரிஸை மூடி மூடித் திறந்தால் அதன் தகடுகள் வட்டத்தின் ஓரத்திலிருந்து உள்ளே வருவது தெரியும். வட்டத்தின் விட்டத்தில் முக்கால் பங்கு திறந்திருக்கும்படி நிறுத்துங்கள். கண்ணருகு லென்ஸை மாட்டுங்கள். பிறகு கூச்சமோ மங்கலோ எதுவானாலும் குமிழால் மட்டுமே சரிசெய்யுங்கள். லென்ஸ் மாறினால் இந்த இடமும் மாறும். கண்டென்சரில் அளவுகோல் இல்லையென்றால், ஒரு துண்டு வெள்ளை நாடா ஒட்டி 10, 40 என்று பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை செய்கிற வேலைதான்.

100 மடங்கு எண்ணெய் லென்ஸுக்கு ஐரிஸ் ஏறக்குறைய முழுசாகத் திறந்திருக்க வேண்டும். ஜீம்சா சாயம் ஏற்றிய ரத்தப் பூச்சில் மலேரியா ஒட்டுண்ணியின் வளைய நிலையைத் தேடுகிறவர் ஐரிஸை மூடிக்கொண்டு பார்த்தால், தூசியும் சாயத் துணுக்கும் மினுக்கிக்கொண்டு ஒட்டுண்ணி வேடம் போடும்.

சாயமே இல்லாத கன்னச் செல், அமீபா போன்றவற்றுக்குக் கொஞ்சம் மூடத்தான் வேண்டும் என்று சிலர் வாதாடுவார்கள். உண்மைதான், கொஞ்சம் மூடலாம். பாதிக்கு மேல் மூட வேண்டியிருக்கிறதென்றால் வேறு வழியைப் பாருங்கள். மெத்திலீன் நீலம் ஒரு துளி விடலாம். அல்லது கறுப்புக் காகிதத்தில் ஒரு வட்டம் வெட்டி, கண்டென்சருக்குக் கீழே வடிகட்டி வைக்கும் இடத்தின் நடுவில் பொருத்தி, ஐரிஸை முழுக்கத் திறந்து, எல்.இ.டி.யை உச்சத்துக்குக் கூட்டுங்கள். 10 மடங்கு லென்ஸில் பின்னணி இருண்டு பரமீசியம் வெள்ளியாக மின்னும்; இருள்புலம் என்பது இதுதான். குமிழை முழுசாகத் திருக நியாயமான காரணம் இது.

கண்டென்சரை இறக்கிவிடுவது

ஐரிஸை மூடுகிற அதே தவறு, வேறு திருகில்: இறக்கினாலும் ஒளிக் கூம்பு குறுகும். ஏற்றுங்கள்.

"எத்தனை வாட் சார்?"

வெளிச்சமான பின்னணியில் பார்க்கிற வழக்கமான பார்வைக்கு 1 வாட் எல்.இ.டி. தாராளம். 3 வாட் மாட்டுவது இருள்புலத்துக்கும் 100 மடங்கு லென்ஸுக்கும் உதவும். அதற்கு மேல் போவது வீம்பு.

வாட்டைவிட முக்கியம், எல்.இ.டி. சில்லின் (சிப்) உருவம் ஸ்லைடின் மேல் விழாமல் இருப்பது. விளக்கின் உருவம் பார்வைப் புலத்தில் வந்து விழுவதைத் தடுக்கத்தான் 1893இல் ஜெர்மானியரான ஆகஸ்ட் கோலர் தன் ஒளியூட்டும் முறையை வெளியிட்டார். மாணவர் நுண்ணோக்கிகளில் அதற்கான புல டயாஃப்ரம் (ஒளி விழும் பரப்பைக் கட்டுப்படுத்தும், விளக்குப் பக்கத்து ஐரிஸ்) பெரும்பாலும் இருப்பதில்லை. சில்லைத் திறந்தவெளியாக வைத்தால் புலத்தின் நடுவே மஞ்சள் சதுரம் ஒன்று தெரியும். பல சிறு எல்.இ.டி.கள் கொண்ட தட்டு என்றால் புள்ளிக் கோலமே தெரியும். தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடி ஒன்றை இடையில் வையுங்கள். ட்ரேசிங் காகிதம்கூடப் போதும்.

குறைத்த வெளிச்சத்தில் கைப்பேசிப் படம்

கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற புலம், கைப்பேசித் திரையில் வரிவரியாகக் கறுப்புப் பட்டைகள் ஓடுவதாகத் தெரியும். கைப்பேசியில் கோளாறு இல்லை. மலிவான டிம்மர்கள் எல்.இ.டி.யை உண்மையில் மங்கவைப்பதில்லை; ஒரு நொடிக்குள் பலநூறு முறை அணைத்து ஏற்றுகின்றன. அணைந்திருக்கும் நேரம் கூடக்கூட மங்கலாகத் தெரிகிறது. கேமரா படத்தை வரிவரியாகப் பதிவதால் அந்த அணைப்பைப் பிடித்துவிடுகிறது. சோதிக்க எளிய வழி: அந்த வெளிச்சத்தில் ஒரு பேனாவை வேகமாக ஆட்டுங்கள். ஒரே மங்கலான விசிறியாகத் தெரிந்தால் நல்ல டிம்மர்; பல பேனாக்களாகப் பிரிந்து தெரிந்தால் துடிக்கிற டிம்மர். குமிழை முழுசாக ஏற்றிவிட்டு, விளக்குக்கு மேல் சாம்பல் நிற வடிகட்டி வைத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். மின்னோட்டத்தையே கூட்டிக் குறைக்கிற டிரைவர் மின்சுற்றாக மாற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது.

எல்லா வெள்ளையும் ஒன்று என்று நம்புவது

சாதாரண வெள்ளை எல்.இ.டி.க்குள் இருப்பது நீல எல்.இ.டி.தான், மேலே பூசிய பாஸ்பர் மஞ்சளைச் சேர்க்கிறது. 450 நானோமீட்டர் பக்கம் நீலம் உச்சத்தில் இருக்கும், 480 பக்கம் ஒரு பள்ளம், சிவப்பு முனையில் ஏழ்மை. வீட்டு விளக்குக்கு வருகிற, நீலம் தூக்கலான 6500 கெல்வின் ரகத்தில் ஈயோசின், ஃபுக்சின் போன்ற சிவப்புச் சாயங்கள் சோகை பிடித்துத் தெரியும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் குறியீடு (CRI) 90க்கு மேல், 4000 முதல் 5000 கெல்வின் என்று கேட்டு வாங்குங்கள். படம் எடுக்கும் முன் ஸ்லைடின் வெற்றிடத்தில் வெள்ளைச் சமநிலையை அமையுங்கள்.

உயிருள்ளதை வெளிச்சத்தில் வாட்டுவது

ஹாலோஜன்போல் எல்.இ.டி. துளியைச் சூடாக்குவதில்லை என்பதால், குளத்து நீரை வைத்துவிட்டு உச்ச வெளிச்சத்தில் அரட்டை அடிக்கிறார்கள். சூடு இல்லாவிட்டாலும் அந்த நீல ஒளி இருக்கிறது. ஸ்டெண்டார் என்ற எக்காள வடிவ ஒருசெல் உயிரி வெளிச்சத்திலிருந்து விலகி ஓடும். அமீபாவின் ஓட்டம் நின்றுபோகும். யூக்ளினாவோ மிதமான வெளிச்சத்தைத் தேடி வரும், அதிகமானால் திரும்பிவிடும். பார்க்காத நேரத்தில் குறையுங்கள். நெடுநேரம் பார்ப்பதானால் ஆரஞ்சு நிறத் தாள் ஒன்றைக் குறுக்கே வையுங்கள்.

வளைய விளக்கை முழுவட்டமாக எரியவிடுவது

ஸ்டீரியோ நுண்ணோக்கியில் பூச்சி பார்ப்பவர்களுக்கு இது. தென்னந்தோப்பிலிருந்து பிடித்த காண்டாமிருக வண்டை வளைய விளக்கின் கீழ் வைத்தால், அதன் கறுப்புச் சிறகுறையில் தெரிவது எல்.இ.டி. முத்துமாலையின் பிரதிபலிப்பு. சிறகுறைமேல் உள்ள நுண்குழிகள் அந்தப் பளபளப்பில் காணாமல் போகும். வளையத்தில் பகுதி பகுதியாக அணைக்கும் வசதி இருந்தால் பாதியை அணையுங்கள். ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக வெளிச்சம் விழும்போது ஒவ்வொரு குழிக்கும் ஒரு நிழல் கிடைக்கும். பளபளப்பு அப்போதும் அடங்கவில்லை என்றால், ட்ரேசிங் காகிதத்தை உருளையாகச் சுருட்டி வண்டைச் சுற்றி நிறுத்திவிட்டு, வெளியிலிருந்து வெளிச்சம் காட்டுங்கள்.

ஹீட் சிங்க் இல்லாமல் மாட்டுவது

ஒளிக்கற்றையில் சூடு இல்லை. சில்லின் முதுகில் இருக்கிறது. 1 வாட் சில்லுக்குக்கூட அந்தச் சூட்டை வாங்கிக்கொள்கிற அலுமினியத் தகடு (ஹீட் சிங்க்) வேண்டும், 350 மில்லி ஆம்பியரைத் தாண்டாத டிரைவர் வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் சில்லு வாங்குகிற கடையிலேயே இரண்டையும் கேளுங்கள்.