காசியில் ஒன்றரை நாள்: மட்டக்களப்பிலிருந்து செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளிலிருந்து இந்திய யாத்திரை செல்லும் குழுக்களின் பயண நிரலில் காசிக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓர் இரவும் ஒன்றரைப் பகலுமே. அந்த நேரத்துக்குள் விசுவநாதர், விசாலாட்சி, அன்னபூரணி, காலபைரவர், ஆரத்தி, படகு, பட்டுச்சேலை, சாரநாத் என எல்லாவற்றையும் அடுக்க முயல்வதால், திரும்பி வந்தவர்களிடம் கேட்டால் நெரிசலையும் வரிசையையும் பற்றியே கதை நீள்கிறது. குறைந்த நேரத்தில் காசியைக் காண விரும்புபவர் ஆற்றை முதலாவதாகவும் மற்ற அனைத்தையும் அதற்குப் பின்னாலும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. கீழே சொல்லப்படும் ஒழுங்கும் அதன்படியே அமைந்தது.

முதலில் காலம். ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் குளத்திலும் திருக்கோவில் கடலிலும் தீர்த்தமாடிப் பழகிய நமக்கு, அதே நாளில் கங்கையில் நீராடினால் என்ன என்ற எண்ணம் இயல்பாக வரும். ஆனால் ஆடி, ஆவணி மாதங்கள் வட இந்தியாவில் மழைக்காலம். கங்கை பெருகிக் கீழ்ப்படிகளை மூடிவிடும், வெள்ளம் ஏறினால் படகோட்டமும் நிறுத்தப்படும். ஒரு படித்துறையிலிருந்து அடுத்ததற்கு ஆற்றோரமாக நடந்து செல்லும் வழியும் அப்போது இராது. சித்திரை, வைகாசியில் வெயில் நாற்பது பாகையைத் தாண்டும். மார்கழி, தையில் மூடுபனியால் புகையிரதங்களும் விமானங்களும் பல மணி நேரம் தாமதமாகும். குளிர்ச்சட்டையே இல்லாத நம் ஊர் முதியவர்களுக்கு அந்தக் குளிர் பெருந்தொல்லை. ஆகவே ஐப்பசி, கார்த்திகையும் மாசி, பங்குனியும் நல்ல மாதங்கள். கார்த்திகைப் பௌர்ணமியன்று படித்துறைகள் எங்கும் விளக்கேற்றுவார்கள். காண அழகுதான், ஆனால் முதியவரோடு செல்பவர் அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது.

விசாவை இந்திய அரசின் இணையத்தளத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும்; அதைப் போலவே தோற்றமளித்துக் கூடுதல் பணம் பறிக்கும் தளங்கள் உண்டு. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து சென்னைக்கும் அங்கிருந்து காசிக்கும் விமானத்தில் செல்வது சுலபம். சென்னையிலிருந்து புகையிரதத்தில் போனால் ஒன்றரை நாள் அளவில் செல்லும். அதற்கேற்ற உடல்நிலை உள்ளவர்களே அதைத் தெரிவு செய்யலாம். பயணச்சீட்டில் எந்த நிலையத்தின் பெயர் உள்ளது என்பதை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வாராணசி சந்திப்பு என்பது ஒன்று. முன்னர் மண்டுவாடி என்றிருந்து இப்போது பனாரஸ் எனப் பெயர் மாறியது மற்றொன்று. முகல்சராய் என்று நம் பெரியவர்கள் சொல்லும், இன்று பண்டித தீன்தயாள் உபாத்யாய எனப் பெயர் பெற்ற நிலையம் ஆற்றுக்கு அக்கரையில், நகரிலிருந்து பதினைந்து கிலோமீற்றர் அளவு தொலைவில் உள்ளது. கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை. இரு நாடுகளுக்கும் ஒரே நேரம்தான். வரைபடத்தில் மட்டக்களப்பிலிருந்து நேர் வடக்காகக் கோடு கீறினால் அது ஏறத்தாழப் பிரயாகையில் போய் முட்டும். காசி அதற்குச் சற்றுக் கிழக்கே இருக்கிறது.

தங்குமிடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒன்றரை நாள் பயணம் வாய்ப்பதும் கெடுவதும் இதில்தான். நாங்கள் முதன்முறை சென்றபோது, அழைத்துச் சென்றவர்கள் புகையிரத நிலையத்துக்கு அருகே வசதியான விடுதியொன்றில் எங்களைத் தங்க வைத்தார்கள். அறை நன்றாகவே இருந்தது. ஆனால் ஆற்றுக்குப் போக ஒவ்வொரு தடவையும் வாகன நெரிசலில் முக்கால் மணி நேரம் கழிந்தது, விடியற்காலையில் எல்லோரையும் எழுப்பி வாகனத்தில் ஏற்றி முடிப்பதற்குள் சூரியன் மேலேறிவிட்டது. இரண்டாம் முறை கேதார் படித்துறைக்கு அருகே சிறிய அறையொன்றில் தங்கினோம். அனுமான் படித்துறை முதல் கேதார் படித்துறை வரையிலான ஆற்றோரப் பகுதி தென்னாட்டவர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் இடம். தமிழ் தெரிந்த சாஸ்திரிகளும் இட்டலி கிடைக்கும் கடைகளும் அங்கு உண்டு. பாரதியார் 1898 முதல் 1902 வரை அத்தை வீட்டில் தங்கியிருந்தது அனுமான் படித்துறையில்தான். கோதௌலியாச் சந்திக்கு அருகே நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரமும் இருக்கிறது. முன்கூட்டியே தொடர்புகொண்டு இடம் கேட்க வேண்டும்.

இனிச் செல்லும் முறை. காசியில் கங்கை தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடுகிறது. நகரம் முழுவதும் மேற்குக் கரையில் இருப்பதால், படியில் நிற்பவருக்குச் சூரியன் ஆற்றுக்கு அப்பால், வீடுகள் ஏதுமற்ற மணற்கரையின் மேல் உதிக்கும். தெற்கே அசி முதல் வடக்கே வருணை ஆறு கூடும் ஆதிகேசவம் வரை எண்பதுக்கு மேற்பட்ட படித்துறைகள் உள்ளன. வருணை, அசி என்னும் இரண்டு ஆறுகளின் பெயரும் சேர்ந்தே வாராணசி ஆனது என்பர். வலப்புறம் ஆறு இருந்தால் வடக்கே போகிறோம், இடப்புறம் இருந்தால் தெற்கே போகிறோம். இதை நினைவில் வைத்திருந்தால் படித்துறைகளில் வழி தவறாது. உள்ளே இருக்கும் சந்துகளில் எவருக்கும் வழி தவறும். தவறினால் கீழிறங்கும் படியைத் தேடி ஆற்றுக்கு வந்துவிடுங்கள்.

நண்பகலில் வந்து சேர்ந்தீர்களானால், பிற்பகலில் நடை திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டறிந்து காலபைரவர் கோயிலுக்குச் செல்லலாம். அவர் காசியின் காவலர். ஊருக்குள் நுழைபவர் அவரிடம் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது மரபு, காசிக் கயிறும் அங்கேதான் வாங்குவார்கள். அங்கிருந்து திரும்பி ஐந்து மணியளவில் கேதார் அல்லது அருகிலுள்ள படித்துறை ஒன்றில் படகு ஏறுங்கள். கட்டணத்தை ஏறும் முன்பே பேசி முடிக்க வேண்டும். ஆளுக்கு இவ்வளவா, படகு முழுவதற்குமா, போக மட்டுமா, திரும்பவுமா என்ற மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள். வாவியில் தோணி வலித்துப் பழகியவர்களும் இதைக் கேட்கத்தான் வேண்டும், ஏனெனில் இது ஓடுகிற நீர். படகு மணிகர்ணிகை வரை வடக்கே போய், இருட்டும் நேரத்தில் தசாசுவமேதப் படித்துறைக்கு முன்னே வந்து நிற்கும். ஆரத்தியை அங்கிருந்தே பார்க்கலாம். படியில் உட்கார்ந்து பார்ப்பதானால் ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே இடம் பிடிக்க வேண்டும், முடிந்ததும் ஆயிரக்கணக்கானோரோடு ஒரே சந்தில் வெளியேறவும் வேண்டும்.

மணிகர்ணிகையிலும் அரிச்சந்திரப் படித்துறையிலும் இரவும் பகலும் சிதை எரிந்துகொண்டே இருக்கும். அடக்கம் செய்யும் வழக்கம் பரவலாக உள்ள எம் ஊர்களிலிருந்து செல்பவர்களுக்கு, இத்தனை சிதைகளை ஒருசேரக் காண்பது மனதை உலுக்கக்கூடும். பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வைப்பது நல்லது. படம் எடுக்கக் கூடாது. அங்கே ஒருவர் வந்து, ஏழைகளின் சிதைக்கு விறகு வாங்கப் பணம் தாருங்கள், மறுத்தால் பாவம் வரும் என்று சொல்வார். கொடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நின்று பேசாமல் நடந்துவிடுங்கள்.

மறுநாள் விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஆற்றுக்கு இறங்குங்கள். நீராடுவதற்குக் கேதார் படித்துறை ஏற்றது. சிவப்பும் வெள்ளையுமாகக் கோடிட்ட சுவரால் அதைத் தூரத்திலிருந்தே அறியலாம். கால் வைக்கும் முன் நீரைத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொள்வது முறை. நீருக்கடியில் உள்ள படிகள் பாசி பிடித்து வழுக்கும், படிகள் முடியுமிடத்தில் ஆழம் சட்டென்று கூடும். ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி இரண்டு படிக்கு மேல் இறங்காமல் மூழ்கி எழுவது போதும். சவர்க்காரம் வேண்டாம்.

பிதிர்க்கடன் செய்ய எண்ணுபவர்கள் முதல் நாளே சாஸ்திரிகளைக் கண்டு, எள்ளுந் தண்ணீரும் இறைக்கும் தர்ப்பணம் மட்டுமா, பிண்டமும் உண்டா, படகில் சென்று ஐந்து தீர்த்தங்களிலும் செய்யும் பஞ்சதீர்த்த சிராத்தமா என்பதையும் தட்சணையையும் தெளிவாகப் பேசிவிட வேண்டும். இங்கேதான் நம்மவர் பலர் தடுமாறுகிறார்கள். சங்கல்பத்தின்போது கோத்திரம் கேட்பார்கள். தாய்வழியாக வரும் குடியைக் கேட்டால் உடனே சொல்லத் தெரிந்த மட்டக்களப்பாருக்குக் கோத்திரம் என்பது வீட்டில் புழங்காத சொல். தெரியாதவர்களுக்குக் காசியப கோத்திரம் என்று சொல்லி நடத்துவது வழக்கம். சிவ கோத்திரம் என்றும் சொல்லலாம். கூச்சப்படத் தேவையில்லை. அதைவிட முக்கியமானது பெயர்கள். தந்தை, தந்தையின் தந்தை, அவருடைய தந்தை. தாய், தந்தையின் தாய், அவருடைய மாமி. அவ்வாறே தாய்வழியிலும் மூன்று தலைமுறை. இவற்றை ஊரிலேயே பெரியம்மா, மாமா, அப்பாச்சி ஆகியோரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். விடியற்காலையில், ஈர வேட்டியோடு, ஐயர் காத்திருக்கும்போது பூட்டனின் பெயர் நினைவுக்கு வராது. தொலைபேசியில் ஊருக்கு அழைத்துக் கேட்க முயன்ற ஒருவரை நான் அங்கே கண்டேன். மறுமுனையில் எவரும் எழும்பவில்லை.

கடன் முடிந்து மீண்டும் நீராடியபின், படியேறினால் கேதாரேசுவரர் கோயில். அதன் நிர்வாகம் திருப்பனந்தாள் காசி மடத்தைச் சேர்ந்தது. அந்த மடத்தின் மரபைத் தொடங்கி வைத்தவர் பதினேழாம் நூற்றாண்டில் காசிக்கு வந்த குமரகுருபரர். நவராத்திரியில் நம் பாடசாலைகளிலும் வீடுகளிலும் பாடப்படும் சகலகலாவல்லி மாலை, அவர் இங்கே வடநாட்டு மொழியை வேண்டிக் கலைமகள் மீது பாடியது என்பது மரபுவழிச் செய்தி. விசுவநாதர் கோயிலைப் போல இங்கே தள்ளுமுள்ளு இல்லை. சற்று நேரம் உட்கார்ந்திருக்கலாம். காசியில் உட்கார்ந்து கும்பிடக்கூடிய இடம் வேண்டுமானால் இதுதான்.

விசுவநாதரை நண்பகலுக்குப் பிறகு தரிசிப்பது எளிது, திங்கட்கிழமையைத் தவிருங்கள். கைப்பேசி, பை, பேனா போன்றவற்றை உள்ளே கொண்டுசெல்ல விடமாட்டார்கள். எல்லாவற்றையும் அறையில் வைத்துவிட்டுக் கடவுச்சீட்டையும் கொஞ்சக் காசையும் மட்டும் கொண்டுபோவது புத்தி. வாயிலில் தரகர்கள் விரைவில் தரிசனம் என்று அழைப்பார்கள். கட்டணச் சீட்டு வேண்டுமாயின் கோயிலின் சொந்தக் கருமபீடத்தில் வாங்கலாம். இப்போதுள்ள கோயிலை அகல்யாபாய் ஓல்கர் 1780இல் கட்டுவித்தார். பொற்றகடு பின்னர் ரஞ்சித் சிங் வழங்கிய பொன்னால் வேய்ந்தது. 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட அகன்ற முற்றத்தால் ஆற்றிலிருந்தே நேராகக் கோயிலுக்கு வர முடிகிறது. கருவறை மிகச் சிறியது, லிங்கம் தரைமட்டத்தில் ஒரு தொட்டிக்குள் இருக்கிறது. பின்னால் நிற்பவர்கள் தள்ளுவார்கள் என்பதால் வேண்டுதலை வரிசையிலேயே சொல்லி முடித்துவிடுங்கள். அன்னபூரணி கோயில் பக்கத்திலேயே உள்ளது. மீர் படித்துறைக்கு அருகே விசாலாட்சி கோயில், நகரத்தார் எடுத்த தென்னாட்டுக் கோபுரத்தோடு, சந்தின் நடுவே திடீரென்று தமிழ்நாட்டை நினைவூட்டும்.

இலங்கையர் என்று அறிந்ததும் ஓட்டோக்காரர் சாரநாத்துக்குப் போகலாமா என்று கேட்பார். புத்தர் முதன்முதல் உபதேசித்த அந்த இடம் பத்துக் கிலோமீற்றர் அளவில் உள்ளது. அங்குள்ள மூலகந்தகுடி விகாரை அநகாரிக தர்மபாலரின் முயற்சியால் எழுந்து 1931இல் திறக்கப்பட்டது. பார்க்கத்தக்க இடமே. ஆனால் ஒன்றரை நாளில் அதைச் சேர்த்தால் விடியற்காலை ஆற்றிலிருந்து அவசரமாக ஏற வேண்டிவரும். இன்னொரு பகல் கிடைத்தால் மட்டும் செல்லுங்கள்.

உணவு பற்றிக் கவலை வேண்டாம், சைவச் சாப்பாடு எங்கும் கிடைக்கும். காலையில் கச்சோரியும் கிழங்குக் கறியும் சூடாக விற்பார்கள். தண்டாய் என்னும் பால்பானத்தில் பாங்கு என்னும் கஞ்சா இலை விழுதைக் கலந்தும் விற்பதால், கலக்காததா என்று கேட்டே குடியுங்கள். சிறு கடைகளிலும் படகிலும் இந்தியர்கள் கைப்பேசியில் பணம் செலுத்துவார்கள். நம்மிடம் அது இராது என்பதால் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களைச் சென்னையிலேயே மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும்.

கங்கை நீரைப் பற்றி ஒரு சொல். காசியிலிருந்து நீரை எடுத்து வரக் கூடாது, பிரயாகையில்தான் எடுக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். இராமேசுவரத்து மணலைப் பிரயாகையில் கரைத்து, அங்கிருந்து எடுத்த நீரால் இராமநாதருக்கு அபிடேகம் செய்வது பழைய யாத்திரை முறை. பிரயாகை 120 கிலோமீற்றர் அளவு தொலைவில் இருப்பதால், குழு அங்கு செல்லுமாயின் செம்பை அங்கே நிரப்பி, வாயை ஈயத்தால் அடைத்துத் தருமாறு கேளுங்கள். விமானத்தில் அதைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். துவாய்க்குள் சுற்றி, பெரிய பயணப்பையின் நடுவே, ஈர வேட்டிக்குப் பக்கத்தில் அல்லாமல் காய்ந்த உடுப்புகளுக்கு இடையே வைத்து அனுப்புங்கள்.