வீட்டு வலிமைப் பயிற்சித் திட்டத்தை வாங்கும் முன் எடைபோடுவது எப்படி?

வீட்டிலிருந்தே செய்யும் வலிமைப் பயிற்சித் திட்டங்களின் விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது எண்ணிக்கைதான்: இத்தனை நூறு வீடியோக்கள், இத்தனை வகைப் பயிற்சிகள், தினமும் ஒரு புதிய வகுப்பு. அந்த எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டு, திட்டத்தின் ஒரு வார அட்டவணையையும் ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாதிரிக்கு ஒரு வாரத்தைக்கூடக் காட்ட மறுக்கும் திட்டத்தைப் பரிசீலிக்கவே தேவையில்லை என்பது என் கருத்து.

தாளில் ஆறு தலைப்புகளை எழுதுங்கள்: உட்கார்ந்து எழுந்திருத்தல், இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்தல், தள்ளுதல், இழுத்தல், ஒரு காலில் எடை தாங்குதல், நடுவுடலை விறைப்பாக நிறுத்துதல். உடலின் பெரிய தசைகள் எல்லாம் இவற்றுள் அடங்கிவிடும். அட்டவணையிலுள்ள ஒவ்வொரு பயிற்சியையும் உரிய தலைப்பின்கீழ் எழுதி, வாரத்துக்கு எத்தனை செட் (இடையில் நிற்காமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்று) வருகிறது என்று எதிரே குறியுங்கள். அகலக்கைத் தண்டால், குறுகிய கைத் தண்டால், முழங்கால் ஊன்றிய தண்டால், கைதட்டித் தண்டால் என்று நான்கு பெயர்கள் இருந்தாலும் நான்கும் ‘தள்ளுதல்’ என்ற ஒரே வரியில்தான் போய் உட்காரும். பஸ்கியின் பல வடிவங்களும் அப்படியே ‘உட்கார்ந்து எழுந்திருத்தல்’ என்ற ஒரே வரியில் அடங்கும்.

பெரும்பாலும் காலியாகக் கிடப்பது ‘இழுத்தல்’ வரிதான். தள்ளுவதற்குத் தரை போதும். இழுப்பதற்கோ பிடித்துத் தொங்க ஒரு கம்பியோ, கையில் ஏந்த ஒரு டம்பெல்லோ, எங்காவது மாட்டி இழுக்க ஒரு ரெசிஸ்டன்ஸ் பேண்டோ (இழுவைக்கு எதிர்ப்புத் தரும் ரப்பர் பட்டை) வேண்டும். கருவியே தேவையில்லை என்று விற்கப்படும் திட்டங்கள் பல, குப்புறப் படுத்துக் கைகளைத் தூக்கும் பயிற்சி ஒன்றைச் சேர்த்து இந்த இடத்தை ஒப்பேற்றிவிடுகின்றன. அது தோள்பட்டையின் பின்புறத்துக்கு நல்லதே என்றாலும், முதுகின் பெரிய தசைகளுக்கு வேண்டிய சுமை அதில் கிடைப்பதில்லை. தள்ளும் செட்டுகளுக்கு ஏறக்குறைய ஈடாக இழுக்கும் செட்டுகள் இருக்கின்றனவா என்பதையே முதல் சோதனையாக வைத்துக்கொள்ளலாம். தொடையின் பின்புறத்துக்கும் பிட்டத்துக்கும் வேலை தரும் குனிந்து நிமிர்தல் வரியும் அடிக்கடி மெலிந்தே இருக்கும்.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது, வாரங்கள் போகப்போகத் திட்டம் எந்த வழியில் கடினமாகிறது என்பது. சுமையைப் படிப்படியாகக் கூட்டும் முறையை, 1940களில் காயமுற்ற படைவீரர்களுக்குச் சிகிச்சையளித்த அமெரிக்க மருத்துவர் தாமஸ் டெலோர்ம் மருத்துவ உலகில் நிலைநாட்டினார். சுமை என்றால் இரும்பு மட்டுமன்று. சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுக்கத் தொடங்குபவர் மேசை விளிம்புக்கும், பிறகு தரைக்கும் இறங்கலாம். தரையில் செய்யும்போது உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கைகள் தாங்குகின்றன. அதுவும் எளிதானபின் கால்களை உயரத்தில் வைக்கலாம், 3 நொடி எடுத்து மெல்ல இறங்கலாம், கீழே ஒரு நொடி நிற்கலாம். நல்ல திட்டம் இந்தப் படிகளை வரிசையாகத் தருவதோடு எப்போது ஏற வேண்டும் என்பதையும் சொல்லும்: எல்லாச் செட்டிலும் 12 முறை ஒழுங்காகச் செய்ய முடிந்ததும் அடுத்த படிக்குப் போய் 8 முறையிலிருந்து தொடங்குக என்பதைப் போல. ‘முடிந்தவரை செய்யுங்கள்’ என்பது மட்டுமே வழிகாட்டலாக இருந்தால், மூன்றாம் மாதத்தில் என்ன செய்வதென்று உங்களுக்கும் தெரியாது, திட்டத்துக்கும் தெரியாது.

நாள்தோறும் புதுப் பயிற்சி என்ற வாக்குறுதியைச் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். புதிதாகப் பழகுபவருக்கு முதல் சில வாரங்களில் கூடும் வலிமையில் பெரும்பங்கு, தசை பருப்பதால் வருவதன்று. நரம்புகள் அந்த அசைவைக் கற்றுக்கொள்வதால் வருவது. கற்று முடிக்குமுன் பயிற்சியை மாற்றினால் மறுநாள் உடல்வலி நிச்சயம் உண்டு, ஆனால் பழகாத அசைவு எதற்கும் வரும் அந்த வலி முன்னேற்றத்தின் அளவுகோல் ஆகாது. முதன்மைப் பயிற்சிகள் நான்கு முதல் ஆறு வாரமாவது மாறாமலிருக்க, துணைப் பயிற்சிகள் மட்டும் மாறினால் போதுமானது. விரைவில் சலிப்படைபவர்கள் இதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். ஓய்வு நேரத்தையும் கவனியுங்கள்: செட்டுகளுக்கிடையே 20, 30 நொடி மட்டும் விடும் வகுப்புகள் மூச்சிரைக்க வைக்கும், கடினமான செட்டை மறுபடி நன்றாகச் செய்ய 2 நிமிடமாவது வேண்டும்.

இனி பணத்தின் கணக்கு. பெரியவர்கள் வாரத்தில் 2 நாளோ அதற்கு மேலோ முக்கியத் தசைகள் அனைத்துக்கும் பயிற்சி தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் கூறுகிறது. ஆகவே வாரம் 6 நாள் வகுப்பு இருப்பதாலேயே ஒரு திட்டத்தின் மதிப்பு கூடிவிடாது. சந்தாவோடு கருவிகளின் விலையையும் சேர்த்து, படிகள் உண்மையில் எத்தனை மாதத்துக்கு நீள்கின்றனவோ அத்தனை மாதங்களால் வகுத்துப் பாருங்கள். இலேசான டம்பெல் ஒரு ஜோடியை மட்டும் நம்பிய திட்டத்தில் கால்களுக்கு அது வெகுவிரைவில் போதாமற்போகும்; எடை மாற்றக்கூடிய டம்பெல் முதலில் விலை கூடுதலாகத் தெரிந்தாலும் நெடுநாள் உழைக்கும். சந்தா தானாகவே புதுப்பிக்கப்படுமா, நிறுத்தியபின் அட்டவணை கையில் தங்குமா என்பதையும் முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

இலவசச் சோதனைக் காலம் இருந்தால் பல வகுப்புகளை நுனிப்புல் மேய வேண்டாம். ஒரே வகுப்பைச் சில நாள் இடைவெளியில் இரண்டு முறை செய்து, எடையையும் எத்தனை முறை செய்தீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை, முந்தைய எண்களைவிட என்ன கூட்ட வேண்டும் என்று திட்டமே சொல்கிறதா என்று பாருங்கள். முழங்காலோ தோளோ வலித்தால் மாற்றாக என்ன செய்வதென்று அங்கேயே காட்டுகிறதா என்பதையும் பார்த்தபின் பணம் கட்டலாம்.