ஆசைக்கும் குற்ற உணர்வுக்கும் நடுவே: ஃப்ராய்டைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1892-இல் வியன்னாவில், உளப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிய மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்டிடம் 24 வயதுப் பெண் ஒருவர் சிகிச்சைக்கு வந்தார். ஃப்ராய்டின் நூலில் அவருக்கு எலிசபெத் என்று புனைபெயர். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் கால்வலி, நடக்கவே சிரமம். வலி கிளம்பியது வலது தொடையில் குறிப்பிட்ட ஓர் இடத்தில். நோயில் கிடந்த அப்பாவின் வீங்கிய காலுக்கு தினமும் காலையில் கட்டு மாற்றும்போது, அந்தக் காலைத் தாங்கியிருந்த இடம் அது. அப்பா போனபின் அக்காவும் இறந்துபோனார். தகவல் கேட்டு ஓடிவந்து அக்காவின் உடலருகே நின்றபோது, 'இனி அவர் தனியாள், நான் அவருக்கு மனைவியாகலாம்' என்று அக்கா கணவரைப் பற்றி ஓர் எண்ணம் மின்னி மறைந்தது. அதை ஏற்கவே முடியாமல் மனம் தள்ளிவிட்டது, தள்ளப்பட்டது உடல்வலியாகத் திரும்பியது என்பது ஃப்ராய்டின் விளக்கம்.

இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. 'அக்கா சாகட்டும் என்று உள்ளுக்குள் காத்திருந்திருக்கிறாள்' என்று படித்துவிடுகிறார்கள். ஃப்ராய்டு அவரிடம் சொன்னது வேறு: உணர்ச்சிகளுக்கு யாரும் பொறுப்பாளி அல்ல, நீங்கள் நோயில் விழுந்ததே உங்கள் ஒழுக்கத்துக்குச் சாட்சி. கூச்சமில்லாத ஒருத்திக்கு அந்த எண்ணம் வந்திருந்தால் கால் வலித்திருக்காது. குற்ற உணர்வின் அளவை வைத்துக் குற்றத்தின் அளவைக் கணக்கிடக் கூடாது. இந்தக் கோட்பாட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

மனதை ஃப்ராய்டு மூன்றாகப் பிரித்தார்: ஆசைகள் கிளம்பும் இட், மனசாட்சிபோலக் கண்காணிக்கும் சூப்பர் ஈகோ, இரண்டையும் சமாளிக்கும் ஈகோ. இட் கெட்டது, சூப்பர் ஈகோ நல்லது, ஈகோ நடுவில் மாட்டிக்கொண்டது என்று சொல்லிக்கொடுப்பதும் இதே குழப்பம்தான். 1923-இல் இந்த மூன்றையும் வகுத்தபோதே, சூப்பர் ஈகோவின் பெரும்பகுதி நமக்குத் தெரியாமல் இயங்குகிறது, ஈகோவிடம் அது மிகக் கொடூரமாக நடந்துகொள்ளவும் கூடும் என்று ஃப்ராய்டு எழுதினார். ஊராரிடம் செயலை மறைத்துவிடலாம், சூப்பர் ஈகோவிடம் ஆசையைக்கூட மறைக்க முடியாது. அதனால் ஆசையை விட்டுக்கொடுத்தாலும் தண்டனை நிற்பதில்லை. நேர்மையாக வாழ்பவரைத்தான் அது அதிகம் வாட்டும் என்று 1930-இல் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார். இதற்கு நேர் எதிரான திசையையும் அவர் கவனித்திருக்கிறார். சிலருக்குக் குற்ற உணர்வு முதலில் வருகிறது, தப்பு பிறகு. அடி வாங்கினால்தான் அடங்குவேன் என்பதுபோல வம்பு செய்யும் குழந்தைகளை 1916-இல் இதற்கு உதாரணம் காட்டினார்.

அப்புறம், 'அடக்கினால் நோய், அனுபவித்தால் குணம்' என்று ஃப்ராய்டின் பெயரில் சொல்லப்படும் வைத்தியம். அவர் காலத்திலேயே இது இருந்தது. நாற்பதுகளின் பிற்பகுதியில் இருந்த பெண் ஒருவர் விவாகரத்துக்குப் பின் பதற்றத்தோடு ஓர் இளம் மருத்துவரிடம் போனார். கணவரிடம் திரும்பிப் போங்கள், இல்லாவிட்டால் காதலரைத் தேடுங்கள், அதுவும் முடியாவிட்டால் சுய இன்பம் என்று மூன்று வழி சொல்லி, இது ஃப்ராய்டின் கண்டுபிடிப்பு என்றும் சேர்த்துக்கொண்டார் அவர். 1910 கட்டுரையில் ஃப்ராய்டு கோபமாகவே கேட்டார்: காதலரை வைத்துக்கொள்ளலாம் என்பது இந்த வயதுப் பெண்ணுக்குத் தெரியாதா? வெளியே வழி இல்லாமல் அல்ல, உள்ளே இரண்டு பக்கம் மோதுவதால்தான் நோய். ஒரு பக்கத்துக்குத் தீனி போட்டால் மறுபக்கம் சும்மா இருக்காது. நனவிலியில், அதாவது நமக்கே தெரியாத மனப்பகுதியில், இருப்பதை நோயாளியிடம் வெறுமனே எடுத்துச் சொல்வது, பஞ்ச காலத்தில் உணவுப் பட்டியல் விநியோகிப்பது மாதிரி என்றார். நாமாக வேண்டுமென்றே அடக்கிக்கொள்வது வேறு, நமக்கே தெரியாமல் மனம் ஒதுக்கிவைப்பது வேறு. அவர் பேசியது இரண்டாவதைப் பற்றி.

மிக ஆபத்தான தவறு ஒன்று இருக்கிறது. அதை ஃப்ராய்டே செய்தார். எதிராளி 'இல்லை' என்றால் அதையே 'ஆமாம்' என்பதற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்வது. டோரா என்று அவர் பெயரிட்ட 18 வயதுப் பெண், அப்பாவின் நண்பர் தன்னிடம் தவறாக நடந்ததாகச் சொன்னாள். அப்பா நம்பவில்லை. ஃப்ராய்டு நம்பினார், ஆனால் உள்ளுக்குள் நீ அவரைக் காதலிக்கிறாய் என்று வற்புறுத்தினார். 1900 டிசம்பர் 31-ஆம் தேதி அவள் சிகிச்சையை விட்டு வெளியேறினாள். அவள் போனது சரி என்றே நான் நினைக்கிறேன். எலிசபெத்தும் பிற்காலத்தில் மகளிடம், அக்கா கணவர்மேல் எனக்குக் காதல் என்று ஃப்ராய்டு நம்பவைக்கப் பார்த்தார், அது உண்மையில் அப்படி இல்லை என்று சொல்லியிருக்கிறார். மறுப்பையும் சான்றாக்கிவிட்டால் எதைத்தான் பொய் என்று நிரூபிப்பது? அறிவியல் தத்துவ அறிஞர் கார்ல் பாப்பரின் விமர்சனம் இந்த இடத்தைத்தான் தொடுகிறது. ஆகவே கூடப்பிறந்தவர், துணைவர், நண்பர் மீது இதைப் பிரயோகிக்காதீர்கள். 'உனக்கே தெரியாது, உள்ளே உனக்கு இதுதான் ஆசை' என்ற வாக்கியத்துக்கு எவராலும் பதில் சொல்ல முடியாது.

உங்கள் மேலேயே பிரயோகிப்பதிலும் ஓர் எல்லை வேண்டும். காரணமில்லாத குற்ற உணர்வு வாரக்கணக்கில் நீடித்து, தூக்கமும் பசியும் கெட்டால் அது மனச்சோர்வு நோயின் அறிகுறியாக இருக்கலாம். தகாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து துன்புறுத்துவது ஓசிடி என்ற எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. எந்த ஆசையின் தண்டனை இது என்று நூலைப் புரட்டிக்கொண்டிருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.