வெளியூரிலிருந்து வீட்டு டிவி: பதிவேற்ற வேகத்தைப் பாருங்கள்

வீட்டு டிவியைக் கணினிக்கும் கைபேசிக்கும் அனுப்பும் பெட்டியை வைஃபையில் விடாமல் லேன் கேபிள் மூலம் ரூட்டருடன் இணையுங்கள். பிறகு செயலியின் அமைப்பில் படத்தரத்தை நீங்களே குறைத்து, வீட்டு இணையத்தின் பதிவேற்ற வேகத்தில் பாதியளவுக்குள் வைத்துவிடுங்கள். படம் நின்று நின்று சுழலும் தொல்லை பெரும்பாலும் இதிலேயே தீரும்.

வெளியிலிருந்து பார்க்கும்போது வீட்டு இணைப்பு படத்தைப் பெறுவதில்லை, அனுப்புகிறது. விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் போடுவதோ பதிவிறக்க வேகத்தை மட்டும்தான். 100 எம்பிபிஎஸ் இணைப்பிலும் பதிவேற்றம் 5 அல்லது 10 ஆக இருக்கலாம். அந்தச் சந்துக்குள் 8 எம்பிபிஎஸ் எச்டி படத்தைத் திணித்தால் திணறத்தான் செய்யும். கைபேசியின் சிறு திரைக்கு 2 எம்பிபிஎஸ் போதும், வித்தியாசம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. மொபைல் டேட்டாவும் மிச்சம்: 2 எம்பிபிஎஸ் என்றால் மணிக்குச் சுமார் 0.9 ஜிபி, 8 என்றால் 3.6 ஜிபி.

வீட்டுக்குள்ளேயே அதே வைஃபையில் பார்ப்பவர்கள் தரத்தைக் குறைக்க வேண்டாம். அங்கே பதிவேற்ற வேகத்துக்கு வேலையே இல்லை. எச்டிஎம்ஐ வழியாக வரும் சில நிகழ்ச்சிகளில் திரை கறுப்பாகவே இருந்தால் அது நகல் தடுப்புப் பூட்டு, இந்த வழி உதவாது. இதே வேலையைச் செய்துவந்த பழைய ஸ்லிங்பாக்ஸ் பெட்டியை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். அதன் சர்வர்கள் 2022 நவம்பரிலேயே நிறுத்தப்பட்டுவிட்டன.