முடிவு வரைபடத்தால் நம்பகத்தன்மையைக் கணிப்பதும் பழுதைக் கண்டறிவதும்

ஓர் அமைப்பு எந்தெந்த வழிகளில் செயலிழக்கக்கூடும் என்பதைப் பழுது மரமாக வரைந்தபின், பலர் அதன் கிளைகளைத் தனித்தனியே கணக்கிட்டு நேரடியாகப் பெருக்கிவிடுகிறார்கள். ஒரே உறுப்பு இரண்டு கிளைகளில் இடம்பெற்றிருந்தால் அந்த விடை தவறாகிவிடும். இந்தப் பிழையைத் தவிர்ப்பதற்கு, ஒவ்வோர் உறுப்பும் பழுதா இல்லையா என்று வரிசையாகக் கேட்டு முடிவை எட்டும் இருநிலை முடிவு வரைபடத்தைவிடத் தெளிவான கருவியை நான் அறியேன்.

இரண்டு பம்புகளும் அவற்றுக்குப் பொதுவான ஒரு மின்வழங்கியும் கொண்ட அமைப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு பம்பு ஓடினாலே போதும். மின்வழங்கி பழுதாகும் நிகழ்தகவு 0.02, ஒவ்வொரு பம்புக்கும் 0.1 என்று கொள்வோம். முதலில் மின்வழங்கி, அடுத்து முதல் பம்பு, பிறகு இரண்டாம் பம்பு என்று வரிசையை முடிவுசெய்து, ஒவ்வொரு கணுவிலும், அதாவது ஓர் உறுப்பைக் குறிக்கும் புள்ளியிலும், 'இது பழுதா?' என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, ஆம், இல்லை என இரண்டு அம்புகளை வரையுங்கள். செயலிழப்பு 1 என்ற முனையிலும் இயக்கம் 0 என்ற முனையிலும் முடியும். ஒரே மாதிரியான உட்பகுதிகளை ஒன்றாக இணைத்துவிட்டு, இரண்டு அம்புகளும் ஒரே இடத்துக்குச் செல்லும் கணுக்களை நீக்கிவிடுங்கள். வரிசை மாறாதவரை இவ்வாறு சுருக்கிய வரைபடம் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும் என்பதை 1986-இல் கணினி அறிவியலாளர் ராண்டல் பிரையன்ட் நிறுவினார்.

ஒரு கணுவிலிருந்து 1 என்ற முனையை அடையும் நிகழ்தகவே அந்தக் கணுவின் மதிப்பு, கணக்கைக் கீழிருந்து தொடங்க வேண்டும். இரண்டாம் பம்பின் கணு 0.1, முதல் பம்பின் கணு 0.1 × 0.1, அதாவது 0.01, மின்வழங்கியின் கணு 0.02 + 0.98 × 0.01, அதாவது 0.0298. கிளைகளைத் தனித்தனியே எண்ணியிருந்தால் ஒவ்வொரு பம்பு வழிக்கும் 0.118 கிடைத்து, பெருக்கற்பலன் ஏறத்தாழ 0.0139 ஆகியிருக்கும், உண்மையான ஆபத்தில் பாதிகூட அதில் தெரியாது. பழுதுகள் ஒன்றையொன்று சாராதவை என்ற அனுமானத்தில்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. ஆகவே வெப்பம், அதிர்வு போன்ற பொதுக் காரணம் இருந்தால், அதையும் தனிக் கணுவாகச் சேர்த்தாக வேண்டும்.

உறுப்புகளின் வரிசையைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. தலா இரண்டு உறுப்புகள் கொண்ட 8 இணைகளில், ஏதேனும் ஓர் இணை முழுவதும் பழுதானால் அமைப்பு நிற்கும் என்று வைத்துக்கொண்டால், இணைகளை அடுத்தடுத்து வைக்கும் வரிசைக்கு முனைகள் உட்பட 18 கணுக்கள் போதும். எல்லா இணைகளின் முதல் உறுப்புகளையும் முன்னால் வைத்தாலோ 512 கணுக்கள் தேவைப்படும். நெருங்கிய தொடர்புடைய உறுப்புகளை அருகருகே வைப்பது பெரும்பாலும் நல்ல தொடக்கமாக அமையும்.

பழுதைக் கண்டறியவும் இதே வரைபடம் உதவும். அமைப்பு நின்றுவிட்டது என்று தெரிந்தபின், மின்வழங்கி பழுதாகியிருக்கும் நிகழ்தகவு 0.02 / 0.0298, ஏறத்தாழ 67 விழுக்காடு. குறிப்பிட்ட ஒரு பம்புக்கு அது 40 விழுக்காட்டை ஒட்டியது. சோதனை நேரங்கள் ஒத்திருந்தால் மின்வழங்கியையே முதலில் சோதியுங்கள். அது நன்றாக இருந்தால், 'இல்லை' என்ற அம்பைப் பின்பற்றிச் செல்லுங்கள். 1-ஐ அடைய ஒரே பாதைதான் மிஞ்சும், அதன்படி இரண்டு பம்புகளும் பழுதாகியிருக்க வேண்டும். ஒன்றை மட்டும் சரிசெய்தாலே அமைப்பு ஓடத் தொடங்கிவிடும் என்பதால் பலர் வேலையை அத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் மற்றொன்றைப் பழுதாகவே வைத்து வரைபடத்தை மீண்டும் கணக்கிட்டால், செயலிழப்பு நிகழ்தகவு 0.0298-இலிருந்து 0.118-ஆக, ஏறத்தாழ நான்கு மடங்காக, உயர்ந்திருப்பது தெரியும்.